பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாள் என்பதற்காக நான் செய்தது தப்பாகிவிடுமா?

கூடல்நகர் அம்மா:

போன வாரம் நம் குழுவில் கோடை விடுமுறைப் பயணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பழங்காநத்தம் வாத்தியார் ஐயா ஒரு வரி எழுதினார். "சர்க்கஸ் என்பது உலகமே தடை செய்துவிட்ட ஒன்று. வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள் பெற்றோரே அல்ல" என்று. நான்கு பேர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். அன்று எனக்குப் பதில் எழுத நேரமில்லை. ஆனால் அந்த வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. அந்தப் பெற்றோரில் நானும் ஒருத்தி.

முதலில் இந்தத் தடை விஷயம். தடை சர்க்கஸுக்கு இல்லை, அதில் காட்டு விலங்குகளை ஆட வைப்பதற்குத்தான். நம் நாட்டில் 1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று அறிவிக்கை போட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்று சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் 2002 முதல் ஊர் ஊராகப் போகிற சர்க்கஸில் காட்டு விலங்கு கூடாது. இங்கிலாந்தில் 2020 முதல். மனிதர்கள் ஆடுகிற சர்க்கஸை இவர்கள் யாரும் தடை செய்யவில்லை.

நாங்கள் போனது கம்போடியா. அங்கோர் வாட் பார்க்கத்தான் போனோம். சியம் ரீப் ஊரில் மூன்று ராத்திரி தங்கல். அங்கே 'ஃபார்' என்று ஒரு சர்க்கஸ். ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டம், ஒரு மணி நேரம். விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒன்பது இளைஞர்கள், முகாமில் தங்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு ஆசிரியையோடு சேர்ந்து 1994இல் பத்தம்பாங் ஊரில் ஒரு கலைப் பள்ளி ஆரம்பித்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, நாடகம், சர்க்கஸ் எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். அங்கே படித்தவர்கள்தான் 2013 முதல் சியம் ரீப்பில் ஆடுகிறார்கள். வருகிற பணம் அந்தப் பள்ளிக்கும் போகிறது.

என் மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஏழு. நாங்கள் பார்த்த அன்று, போரில் தப்பிப் பிழைத்த ஒரு பெண்ணின் நினைவுகள்தான் கதை. நடுவில் விளக்கெல்லாம் மங்கியது. மேளம் அடிவயிற்றில் இடித்தது. இருட்டிலிருந்து ஆட்கள் உருண்டு புரண்டு வந்தார்கள். மகள் என் மடிக்கு வந்து கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒருவர் தோள்மேல் ஒருவர், அவர் தோள்மேல் இன்னொருவர் என்று ஏறி நின்றபோது கையை எடுத்துவிட்டுத் தட்டினாள். ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மொட்டை மாடியில் கோலப்பொடியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, கைகளை விரித்துக்கொண்டு தினமும் அதன்மேல் நடக்கிறாள்.

இதற்காகவா நான் தாயே இல்லை என்று ஆனேன்?

பழங்காநத்தம் வாத்தியார்:

அம்மா, இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு வரி போதும். "மகள் என் மடிக்கு வந்து கண்ணைப் பொத்திக்கொண்டாள்." இது நான் சொன்னதல்ல, நீங்கள் எழுதியது. ஏழு வயதுப் பிள்ளை கண்ணைப் பொத்துகிறது என்றால், இது எனக்கு வேண்டாம் என்று சொல்கிறது. அதற்குத் தெரிந்த மொழி அதுதான். நான் 34 வருடம் வகுப்பறையில் நின்றவன். பிள்ளை முகம் பார்த்தே அது பயந்திருக்கிறதா, பசியோடிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

அந்த நாட்டில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஜனத்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அழிந்தது. அந்தக் கதையை ஏழு வயதுக் குழந்தைக்கு இருட்டில் மேளம் அடித்துக் காட்டுவீர்களா? சட்டம், அறிவிக்கை, 1998, 2002 எல்லாம் இருக்கட்டும். பிள்ளை கண்ணைப் பொத்தினாளா இல்லையா?

கூடல்நகர் அம்மா:

பொத்தினாள் ஐயா. விரல் இடுக்கில் பார்த்தாள் என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன். பாதி வரியை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

மேலூர் செல்வம்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மூத்த மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அவனைப் பார்க்கப் போனபோது சின்ன மகளை மாஸ்கோவில் நிக்குலின் சர்க்கஸுக்குக் கூட்டிப் போனேன். 1880இல் திறந்த சர்க்கஸ் அது. கூடாரம் இல்லை, நிரந்தரக் கட்டடம். வாசலில் வெண்கலச் சிலை. குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உள்ளே குதிரை வந்தது, நாய் வந்தது, புலியும் வந்தது. என் மகள் கண்ணையும் பொத்தவில்லை, மடிக்கும் வரவில்லை.

சர்க்கஸ் பிறந்ததே குதிரையால்தான். 1768இல் லண்டனில் ஆஸ்ட்லி என்ற குதிரை வீரர் ஆரம்பித்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க சர்க்கஸ் வட்டத்தின் குறுக்களவு 42 அடி. குதிரை வட்டமாக ஓடும்போது அதன் முதுகில் ஆள் நிற்பதற்கு அந்த அளவு தோதானது. குதிரையும் இல்லாமல், யானையும் இல்லாமல், பையன்கள் குட்டிக்கரணம் அடிப்பதற்குப் பணம் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

திருநகர் பறவை:

செல்வம் அண்ணே, புலி அந்த நெருப்பு வளையத்துக்குள் ஆசைப்பட்டா பாய்கிறது? உங்கள் மகள் கண்ணைப் பொத்தவில்லை என்பதைப் பெருமையாக எழுதுகிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தமாக இருக்கிறது. காட்டில் ராத்திரியெல்லாம் நடக்கிற மிருகத்தை ஸ்டூல்மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கிறது.

அமெரிக்காவில் ரிங்லிங் சர்க்கஸ் யானை ஆட்டத்தை 2016இல் நிறுத்தியது. மறுவருடம் சர்க்கஸையே மூடினார்கள். 2023இல் திரும்ப ஆரம்பித்தபோது ஒரு விலங்குகூட இல்லை. கனடாவில் 1984இல் ஆரம்பித்த சர்க் து சொலே என்ற சர்க்கஸ் குழு விலங்கு இல்லாமலேயே உலகத்தைச் சுற்றி வருகிறது. 2018இல் மும்பைக்கும் வந்தார்கள். கூடல்நகர் அக்கா சரியான இடத்துக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார். மிருகத்தை வைத்து வேடிக்கை காட்டுவது எந்த ஊரிலும் தப்பு.

மேலூர் செல்வம்:

நெருப்பு வளையம் என்று நான் எங்கே எழுதினேன்? புலி வந்தது என்று மட்டும்தான் எழுதினேன்.

அலங்கை காளை:

"எந்த ஊரிலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எங்கள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் சேர்த்தியா?

இவ்வளவு நேரம் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். கூடல்நகர் அக்கா நல்ல சட்டம் என்று எடுத்துக்காட்டினாரே, 1998 அறிவிக்கை, ஐந்து விலங்கு. அந்தப் பட்டியலில்தான் 2011இல் காளையையும் சேர்த்தார்கள். கரடியும் சிங்கமும் நம் வீட்டுக் காளையும் ஒன்றாம். அதை வைத்துத்தான் 2014 மே மாதம் ஜல்லிக்கட்டையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் மதுரை தமுக்கம் மைதானத்தில் நாங்கள் ராப்பகலாக உட்கார்ந்தது எதற்கு? வைகைப் பாலத்தில் ரயிலை மறித்தது எதற்கு? அந்தப் பட்டியலை இங்கே யாரும் புகழ்ந்து பேசக் கூடாது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, ஜல்லிக்கட்டை அனுமதிக்கிற தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லியாயிற்று. இன்னும் எங்களிடம் வந்து மிருகம், வேடிக்கை என்று பேசினால் என்ன அர்த்தம்?

என் காளைக்கு நான் சாப்பிடுவதற்கு முன்னால் பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பேன். என் மகனுக்கு முன்னால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

திருநகர் பறவை:

நான் சர்க்கஸைப் பற்றித்தான் பேசினேன். ஜல்லிக்கட்டை இழுத்தது நீங்கள்.

அலங்கை காளை:

எந்த ஊரிலும் என்று எழுதியது நீங்கள். முதலில் அந்த வார்த்தையை எடுங்கள்.

பழங்காநத்தம் வாத்தியார்:

காளை ஒரு பக்கம் இருக்கட்டும், புலி ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. விரல் இடுக்கில் பார்த்தாள் என்கிறார் அம்மா. சரி. கூடாரத்தில் விளக்கெல்லாம் மங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். இருட்டில் விரல் இடுக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளை முகம் மேடைப் பக்கம் இருந்ததா, தாய் நெஞ்சுப் பக்கம் இருந்ததா? பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் தன் இடத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கும். காசு கொடுத்து வாங்கிய இடத்தை விட்டுவிட்டு மடிக்கு வந்திருக்கிறது. காரணம் இல்லாமல் பிள்ளை மடிக்கு வராது.

இன்னொன்றும் கேட்கிறேன். அங்கோர் வாட்டில் பாற்கடல் கடைகிற சிற்பம் இருக்கிறது. சூரியவர்மன் கட்டிய பெருமாள் கோயில். அதை நிதானமாகக் காட்டியிருந்தால் பிள்ளைக்குப் பயமும் இல்லை, செலவும் இல்லை. கோயிலுக்கென்று போனவர்களுக்கு ராத்திரி என்ன கூடாரம்?

கூடல்நகர் அம்மா:

காட்டினோம் ஐயா. அன்று காலையில்தான் காட்டினோம். ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அசுரர் 92 பேர், இன்னொரு பக்கம் தேவர் 88 பேர், நடுவில் பெருமாள். இரண்டு பிள்ளைகளும் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். மகள் முப்பதோடு நிறுத்திவிட்டாள், மகன் மட்டும் கடைசிவரை எண்ணினான். "அசுரர்தான் அதிகம், அப்புறம் ஏன் தோற்றார்கள்" என்று கேட்டான். மதியம் வெயில் தாங்க முடியவில்லை. அறைக்கு வந்து தூங்கி எழுந்தோம். ராத்திரி சர்க்கஸ். ஒன்றைக் காட்டினால் இன்னொன்றைக் காட்டக் கூடாதா?

செலவில்லை என்கிறீர்களே, பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 37 டாலர். சர்க்கஸுக்குக் கொடுத்ததைவிட கோயிலுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

முகம் மேடைப் பக்கம்தான் இருந்தது. பின்னந்தலை என் மோவாயில் இடித்துக்கொண்டிருந்தது. பெற்றவளுக்கு இது தெரியாதா?

செல்லூர் தறி:

வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. என் சித்தப்பா சர்க்கஸில் கூடாரம் அடிக்கிற வேலையில் பதினாறு வருடம் இருந்தார். அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

அந்தரத்தில் ஊஞ்சல் தாவுகிற பார் விளையாட்டுக்கு முன்னால் வலை கட்டுவார்கள். எட்டுப் பத்துப் பேர் நான்கு பக்கமும் நின்று இழுத்து முளையில் முடிவார்கள். சித்தப்பா உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு கடைசிவரை இருந்தது. வலையில் விழுவதற்கும் பழக வேண்டும். முதுகு படுகிற மாதிரி விழுந்தால்தான் தப்பிக்கலாம். காலை ஊன்றினால் கணுக்கால் போய்விடும். மேலே ஒருவர் ஊஞ்சலை விட்டுவிட்டு அந்தரத்தில் இருக்கிற நேரத்தில் கேலரியில் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்களாம், பெரிய ஆட்களும் சேர்ந்து. அவர் வலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கும்போது அந்த முகங்களைத்தான் பார்ப்பாராம். மூடினவர்கள் யாரும் எழுந்து போனதில்லை, மறுநாளும் வந்தார்கள் என்பார்.

வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் ஊர்ச் சந்தைகளில் கழைக்கூத்தாடிகள் மூங்கிலை நட்டுக் கயிறு கட்டுவார்கள். ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை, கையில் நீளக் கம்பு, தலையில் செம்பு, கீழே அப்பா மேளம் அடிப்பார். வலை கிடையாது. அதை எல்லோரும் பிள்ளைகளோடு நின்று பார்த்தோம். சில்லறை போட்டோம். அன்றைக்கு நாம் கண்ணைப் பொத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை கயிற்றின்மேல் நின்றது. சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரோட்டில் கயிறு கட்டி நடந்த பிள்ளையை யார் கேட்டார்கள்?

பழங்காநத்தம் வாத்தியார்:

தம்பி, உங்கள் சித்தப்பாவின் உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் "பெரியவர்களும் கண்ணை மூடினார்கள்" என்று நீங்கள் சொல்வது என் பக்கத்துச் சாட்சி. பெரியவனே மூடுகிறான் என்றால் குழந்தைக்கு அது எப்படி இருக்கும்? நன்றி.

கழைக்கூத்தைச் சொன்னீர்கள். நமக்கு இது நேற்று வந்ததல்ல. குறுந்தொகை ஏழாவது பாட்டைப் பாருங்கள், பெரும்பதுமனார் பாடியது. பாலை வழியில் வாகை மரத்து நெற்று காற்றில் ஆடுகிற சத்தத்துக்குக் கயிற்றின்மேல் ஆடுகிறவர்கள் அடிக்கும் பறையை உவமையாகச் சொல்கிறார். இரண்டாயிரம் வருடமாகக் கயிற்றில் ஆடிய மண் இது. நம் பிள்ளைக்குக் கயிற்றாட்டம் காட்ட எதற்குக் கம்போடியா?

திருநகர் பறவை:

வாத்தியார் சார், அந்தப் பாட்டில் கயிறு ஆடுகிறவர்கள் யார் என்று இருக்கிறது? "ஆரியர்" என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். வெளியூர் ஆட்கள் வந்து ஆடியதைப் புலவர் சொல்கிறார். அப்போதே நாம் வெளியூர் வித்தைக்காரர்களைத்தான் பார்த்திருக்கிறோம்.

பழங்காநத்தம் வாத்தியார்:

விடவில்லை. இங்கே அது தேவையில்லை என்று எழுதவில்லை. ஆடியவர் யாராக இருந்தாலும் ஆடிய இடம் நம் இடம், பார்த்த கண் நம் கண், பாடியது நம் மொழி.

திருநகர் பறவை:

தேவைப்பட்டால் பாதி வரி, தேவையில்லை என்றால் பாதிச் சொல். கூடல்நகர் அக்காவுக்கும் இதைத்தான் செய்தீர்கள்.

பழங்காநத்தம் வாத்தியார்:

சங்கப் பாடலை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் அந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதியவன்.

மேலூர் செல்வம்:

ஐயா கணக்கு வாத்தியார் என்றல்லவா போன வருடம் சொன்னீர்கள்?

பழங்காநத்தம் வாத்தியார்:

தமிழாசிரியர் மூன்று மாதம் விடுப்பில் போனபோது அந்த வகுப்பையும் நான்தான் எடுத்தேன். இந்தக் கேள்வி எதற்கு? நான் கேட்ட கேள்வியை எல்லோரும் சேர்ந்து மூடப் பார்க்கிறீர்கள். கண்ணைப் பொத்திக்கொண்டாள். எழுதியது தாய். நான் இல்லை.

கூடல்நகர் அம்மா:

ஐயா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை இன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிறதைப் பார்க்க உங்கள் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு விடியற்காலம் நான்கு மணிக்கே வைகைக் கரைப் பக்கம் போனீர்கள். நீங்களே இங்கே எழுதினீர்கள். லட்சக்கணக்கான ஜனம். தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்தும் வேட்டுச் சத்தத்தைக் கேட்டும் பையன் அலறினான், தாத்தா கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான் என்று எழுதினீர்கள். அப்புறம் தங்கக் குதிரை கண்ணில் பட்டதும் சிரித்தான் என்றும் எழுதினீர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? "பயந்து பார்த்ததுதான் ஆயுசுக்கும் நிற்கும்" என்றீர்கள்.

உங்கள் பேரன் முகத்தைப் புதைத்தால் அது ஆயுசுக்கும் நிற்கும். என் மகள் கண்ணைப் பொத்தினால் நான் தாய் இல்லையா?

பழங்காநத்தம் வாத்தியார்:

அழகரையும் சர்க்கஸையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? அது எங்கள் குலசாமி. என் அப்பா என்னைத் தூக்கிப் போனார், அவர் அப்பா அவரைத் தூக்கிப் போனார். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற இடம் இல்லை அது. என் பேரன் அழுதான், உண்மை. ஆனால் கண்ணைப் பொத்தவில்லை. முகத்தைப் புதைத்தான். அது வேறு.

செல்லூர் தறி:

ஐயா, முகத்தைப் புதைத்தால் விரல் இடுக்குகூட இல்லையே.

பழங்காநத்தம் வாத்தியார்:

புதைத்தது என் கழுத்தில். எனக்குத் தெரியும் அது எதற்கு என்று.

கூடல்நகர் அம்மா:

பின்னந்தலை இடித்தது என் மோவாயில். எனக்கும் தெரியும்.

அலங்கை காளை:

நடுவில் ஒரு விஷயம். திருநகர்க்காரர் இன்னும் அந்த வார்த்தையை எடுக்கவில்லை. எனக்கு மறக்கவில்லை.

மேலூர் செல்வம்:

கூடல்நகர் அம்மாவிடம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு பேச்சுக்கும் அந்தக் கூடாரத்தில் அப்படி என்னதான் செய்தார்கள்? தோள்மேல் தோள் நிற்பதை நம் ஊர் உடற்பயிற்சிச் சங்கத்துப் பையன்களும் செய்வார்கள். புலி இல்லை, யானை இல்லை, வலை இருந்ததா இல்லையா என்றும் நீங்கள் எழுதவில்லை.

கூடல்நகர் அம்மா:

சொல்கிறேன். மேடையோரம் ஒருவர் பெரிய துணியில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஆட்டம் நடக்கும்போதே வரைகிறார். இன்னொரு பக்கம் வாத்தியக்காரர்கள். படகு மாதிரி வளைந்த பெட்டியின்மேல் மூங்கில் பட்டைகளை வரிசையாகக் கட்டி, இரண்டு குச்சியால் தட்டுகிறார்கள், தண்ணீர் சொட்டுகிற மாதிரிச் சத்தம். ஒரு பையன் பலகையை உருளைமேல் வைத்து, அதன்மேல் இன்னொரு உருளை, இன்னொரு பலகை என்று அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றான். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் கெண்டைக்கால் நடுங்குவது தெரிந்தது. இரண்டு தடவை விழுந்தான். விழுந்ததும் மேளம் அடிக்கிறவர் அடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். மூன்றாவது தடவை நின்றான். என் மகன் அந்த நேரம் முழுக்க மூச்சே விடவில்லை. முடிந்ததும் எல்லோரும் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். மகள் அந்தப் பையன் பக்கத்தில் போய் அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சிராய்ப்பு இருந்தது. அவன் குனிந்து அவள் தலையைத் தடவிவிட்டான்.

வீட்டில் தொலைக்காட்சியில் இதைவிடப் பெரிய வித்தையெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். எதிலும் விழுந்தவனைக் காட்டமாட்டார்கள். விழுகிறவனையும் அவன் எழுந்து நிற்பதையும் பத்தடி தூரத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் கூட்டிப் போனேன். போரில் எல்லாம் இழந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள் அப்படி நிற்கிறார்கள் என்று அவளுக்கு இப்போது முழுக்கப் புரியாது. மகனுக்குப் பாதி புரிந்தது. அறைக்குத் திரும்புகிற வழியில் ஆட்டோ மாதிரி அந்த வண்டியில் உட்கார்ந்து, "அந்தக் கறுப்புச் சட்டைக்காரர்கள் நிஜமாகவே இருந்தார்களா" என்று கேட்டான். கதையில் வந்த கெமர் ரூஜ் ஆட்களைத்தான் கேட்டான். நிஜம்தான் என்று அவன் அப்பா சொன்னார். அப்புறம் அவன் பேசவில்லை.

திருநகர் பறவை:

அக்கா, இதைத்தான் நீங்கள் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மேலூர் செல்வம்:

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அது நாடகம். சர்க்கஸ் என்றால் மாஸ்கோதான். அடுத்த முறை போகும்போது 1971இல் திறந்த அந்தப் பெரிய சர்க்கஸுக்கும் போக வேண்டும். அங்கே மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம்.

திருநகர் பறவை:

போய் புலியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுத வேண்டாம்.

அலங்கை காளை:

யார் எங்கே எழுத வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார்? செல்வம் அண்ணே, நீங்கள் எழுதுங்கள். நான் படிக்கிறேன்.

பழங்காநத்தம் வாத்தியார்:

பையன் விழுந்தான், எழுந்தான், சிராய்ப்பு, எல்லாம் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள் அம்மா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதில் உங்கள் மகன் வருகிறான், மேளக்காரர் வருகிறார், வண்டி வருகிறது. மகள் கண்ணைப் பொத்திய அந்த இடம் மட்டும் இதில் வரவில்லை. எவ்வளவு நேரம் பொத்தியிருந்தாள்? ஒரு நிமிடமா, ஐந்து நிமிடமா? அதைச் சொல்லுங்கள். நான் என் வார்த்தையைத் திரும்ப எடுக்கிறேனா இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

கூடல்நகர் அம்மா:

ஐயா, நான் கடிகாரம் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழங்காநத்தம் வாத்தியார்:

அப்படியென்றால் உங்களுக்கும் தெரியாது. பேரனுக்கு வேன் வருகிற நேரம், வாசலில் நிற்க வேண்டும். மாலையில் வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார், அவரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

கூடல்நகர் அம்மா:

அவரையும் கேட்கமாட்டேன், எழுதியும் வைக்கமாட்டேன். டிசம்பர் விடுமுறையில் திரும்பவும் ஒரு பயணம் இருக்கிறது. அந்த ஊரில் சர்க்கஸ் இருந்தால் கூட்டித்தான் போவேன். முன் வரிசையில் டிக்கெட் எடுப்பேன்.